டிவிக்குக் காது மாட்டிய ஞாயிறு

“…அதைத்தான் கேக்கேன். விடிஞ்சதுல இருந்து ஊமைப்படம் ஓடிக்கிட்டிருந்த வீட்ல திடீர்னு என்ன இம்புட்டுச் சத்தம்? யாரு யாரப் புடிக்கணுமாம்?”

படிக்குக் கீழே தெருவில் நின்றபடிதான் எதிர்வீட்டு மதினி கேட்டார். அவருக்குப் பின்னால் சாவு வீட்டுத் துட்டிப் பந்தல். பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த அத்தனை தலைகளும் எங்கள் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வீட்டுக்குள், டிவிக்கு முன்னால் மண்டியிட்டிருந்த என் அக்காவுக்கு அந்தக் கேள்வி விழவே இல்லை. தலையில் ஹெட்போன், கண் திரையில். அவளுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்த எனக்குத்தான் கேட்டது.

பதில் சொல்வதென்றால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஆமத்தூரில். அவளுக்குச் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்குத் திரி வைக்கிற வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயந்தரம் கொண்டுவந்து இறக்கிவிடும். நான் விருதுநகரில் குடியிருந்து சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்துக்கு வேலைக்குப் போகிறவன். அத்தான் லாரி ஓட்டுகிறார். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். ஆகவே அக்கா வீட்டில் மிக்ஸி சுற்றாவிட்டாலும் ஃபேன் முனகினாலும் கூப்பிடுகிற ஆள் நான். எனக்கு இதிலெல்லாம் படிப்பு கிடையாது. பிரித்துப் பார்ப்பேன், மாட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான். “எந் தம்பி கழட்டுறதுல கெட்டிக்காரன். மாட்டுறதுலதான் கொஞ்சம் யோசிப்பான்” என்று அக்கா வேனில் பெருமையாகச் சொன்னாளாம். அது பெருமைதானா என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

அக்கா மகள் கபடி ஆடுகிறாள். எங்கள் மாவட்டத்துப் பெண்கள் அணியில் இடது ஓரத்தில் நிற்பாள். எதிரணியிலிருந்து பாடி வருகிறவள் திரும்புகிற அந்த ஒரு கணத்தில் பாய்ந்து கணுக்காலைப் பிடிப்பது அவள் வேலை. ஆள் ஈர்க்குச்சி. ஆனால் பிடித்தால் விடமாட்டாள். அந்த மாசி மாதம் மாநிலப் போட்டி ஒன்று மேற்கே ஒரு ஊரில் நடந்தது. எங்கள் அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது. அரையிறுதியையும் இறுதி ஆட்டத்தையும் ஒரு டிவி சேனல் நேரடியாகக் காட்டப்போகிறது என்று செய்தி வந்ததும் அக்கா கம்பெனியில் யாரையும் விட்டுவைக்கவில்லை. கணக்குப்பிள்ளையிலிருந்து வேன் டிரைவர்வரை சொல்லிவிட்டாள்.

நேரில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. “நீ வந்து உக்காந்தா நான் எதிராளி காலப் பாப்பேனா, உன் மொகத்தப் பாப்பேனா? டிவில பாரும்மா, போதும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு மதினியின் மாமனார் இறந்துபோனார்.

தொண்ணூறைத் தாண்டியவர், பேரன் பேத்தி எடுத்து, பாயில் கிடக்காமல் போனவர். வாழ்ந்து முடித்த சாவுதான். என்றாலும் துட்டி துட்டிதானே. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. துட்டி வீட்டில் பதினாறாம் நாள் விசேஷம் முடிகிறவரை எந்த வீட்டிலிருந்தும் ரேடியோ, டிவி சத்தம் தெருவுக்கு வராது. யாரும் யாருக்கும் சொல்வதில்லை. தானாகவே எல்லோரும் அமர்த்திவிடுவார்கள். துட்டி வீட்டுக்காரர்களும் அதுவரைக்கும் அடுத்த வீட்டுப் படி ஏறமாட்டார்கள்.

சரி, கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக வைத்துப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. “நல்லாயிருக்கே! துட்டி வீட்டுக்கு எதிர்ல கதவச் சாத்துனா ‘உங்க பீடை எங்களுக்கு வேண்டாம்’னு சொல்லுற மாதிரில்லா? அவுக மொகத்துல எப்பிடி முளிப்பேன்?” என்பாள் அக்கா. வாசல் திறந்தே இருக்க வேண்டும். வாசலுக்கும் பந்தலுக்கும் நடுவே பத்தடித் தெரு. ஃபேன் சத்தத்தை மீறி அக்காவுக்குக் கேட்கிற அளவுக்கு வைத்தால் பந்தலுக்கும் கேட்கும்.

இன்னொன்றும் இருந்தது. எதிர்வீட்டு மதினிக்கும் அக்காவுக்கும் கபடி விஷயத்தில் மட்டும் ஒரு உரசல். இரண்டு பேரும் ஒரே கம்பெனி, வேனில் ஒரே சீட்டு. முந்தின வருஷம் ஒருநாள் மதினி வேனில் எல்லோருக்கும் கேட்கக் கேட்டுவிட்டார்: “பொம்பளப் புள்ளைக்கு டவுசர மாட்டி நாலு பேரு பாக்கப் பொரள விட்டிருக்கீகளே. நாளப்பின்ன மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்தா என்னன்னு சொல்லுவீக? புடிச்சா விடமாட்டான்னா?”

“ஆமா மதினி, அதையேதான் சொல்லுவேன். புடிச்சா விடமாட்டா” என்றாளாம் அக்கா.

வேனே சிரித்ததாம். அதோடு சரி. அதற்குப் பிறகு இரண்டு பேரும் வெங்காயம் பேசுவார்கள், மழை பேசுவார்கள், கபடி பேசமாட்டார்கள். இப்போது அதே கபடிச் சத்தம் துட்டிப் பந்தலுக்குள் போய் விழுந்தால் என்ன ஆகும்?

வெள்ளிக்கிழமை சாயந்தரம் அரையிறுதியை அக்கா சத்தமே இல்லாமல் பார்த்தாள். சனிக்கிழமை காலை வேனில் ஏறியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “டிவிக்காரன் நம்ம புள்ளையப் பத்தி என்ன சொன்னான்?” அவன் வாய் அசைந்ததை மட்டும்தானே அக்கா பார்த்தாள்? ஒரு கட்டத்தில் அவள் மகள் பிடித்த பிடிக்கு இரண்டு பாயிண்ட் கொடுத்திருக்கிறார்கள். ஏன் இரண்டு என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மதியச் சோற்று நேரத்தில் கம்பெனி ஆபீஸ் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். செல்போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். எடுத்த எடுப்பில் சொன்னாள்:

“தம்பி, எம் மகளப் பாத்துட்டேன். கேக்கத்தான் இல்ல.”

இறுதி ஆட்டம் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. “போன்ல பாப்போம்க்கா, காதுல மாட்டிக்கலாம்” என்றேன். “அம்மாம் பெரிய டிவி வீட்ல மேசையில நிக்குது, எம் மகள உள்ளங்கையில வச்சுப் பாக்கவா? எறும்பு ஓடுற மாதிரி இருக்கும்லே” என்றாள். “டிவிக்கே காதுல மாட்டுற வயரு இல்லையா? அவ விட்டுட்டுப் போன ஹெட்போனு அங்கன ஆணியில தொங்குது. கம்பி வச்ச பெருசு.”

அட, இதென்ன பெரிய வேலை! ஓட்டையில் செருக வேண்டும், கேட்க வேண்டும். அச்சகத்தில் சனிக்கிழமை அரை நாள்தான்; அக்கா கம்பெனியிலும் சனிக்கிழமை சீக்கிரம் விட்டுவிடுவார்கள். வேலை முடிந்ததும் பஸ் ஏறி ஆமத்தூரில் இறங்கினேன்.

டிவியைச் சுவரிலிருந்து லேசாக இழுத்துப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். தட்டையாக ஓட்டை இருக்கிறது, சதுரமாக இருக்கிறது, அகலமாக இருக்கிறது, ஒரு மூடியோடு குட்டியாக ஒன்றுகூட இருக்கிறது. ஹெட்போனின் உருண்டை முனைக்குத் தக்க ஓட்டை மட்டும் இல்லை. மேலும் கீழுமாகத் தடவினேன். டிவிக்கு வயிறு இருக்கிறது, வாய் இருக்கிறது, காது வைக்க மறந்துவிட்டார்கள்.

விட்டுவிடுவேனா? கேபிள் பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஓட்டைகள் இருந்தன. அக்கா பரணில் பழைய டிவிடி பிளேயரின் வயர் கிடந்தது. சிவப்பும் வெள்ளையும்தான் சத்தம் என்பது எனக்குத் தெரியும். அதன் ஒரு நுனியை வெட்டி, ஹெட்போனை நீட்டிக்கிற வயர் ஒன்றையும் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினேன். மாட்டிவிட்டேன். சத்தம் வந்தது! நான் துள்ளாத குறை. அக்கா காதில் வைத்து அரை நிமிஷம் கேட்டாள்.

“வருது தம்பி. பக்கத்துத் தெருவுல கொசு பாடுற மாதிரி வருது.”

“கூட்டிப் பாரு.”

“கூட்டிட்டேன். இப்ப ரெண்டு கொசு பாடுது.”

அந்த ஓட்டையிலிருந்து வருகிற சத்தம் ஏதாவது பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குள் போய்ப் பலம் ஏறி வர வேண்டியது. நேராக ஹெட்போனில் விட்டால் அதற்குத் தெம்பு போதவில்லை. இதை எனக்கு விளக்கியவர், அன்று சாயந்தரம் விருதுநகர் பஜாரில் நான் போய் நின்ற கடைக்காரர். மைக்செட்டு, ஆம்ப்ளிபயர் விற்கிறவர். ஒவ்வொரு வார்த்தையையும் பாக்கு மெல்லுவதுபோல மென்று பேசுகிறவர்.

“அண்ணாச்சி, எங்க டிவியில காதுல மாட்டுறதுக்கு ஓட்டையே இல்ல” என்றேன்.

“ஓட்ட இல்லைன்னு யாரு சொன்னா? ஓட்ட இருக்கு. உங்க கம்பிக்குப் பிடிச்ச ஓட்டதான் இல்ல.” டிவியின் பின்பக்கத்தை நான் எடுத்துவைத்திருந்த போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மூடி போட்ட அந்தக் குட்டி ஓட்டையில் நகத்தை வைத்தார். “இந்தா இருக்கு பாருங்க. இதுல சத்தம் வராது, வெளிச்சம்தான் வரும். சத்தத்த வெளிச்சமா மாத்தி அனுப்புவான். அந்த வெளிச்சத்த இந்தப் பெட்டி வாங்கி, மறுபடி சத்தமாக்கி, உங்க ஹெட்போனுக்குக் குடுக்கும்.”

தீப்பெட்டி மூன்றை அடுக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அந்தப் பெட்டி. ஒரு பக்கம் வெளிச்ச ஓட்டை, மறுபக்கம் நான் மத்தியானம் முழுக்கத் தேடிய உருண்டை ஓட்டை. கரண்டை டிவியிலேயே எடுத்துக்கொள்ளும். கூடவே வெளிச்சம் போகிற வயர் ஒன்றும் கொடுத்தார். கறுப்பு வயர், உள்ளே செம்பே கிடையாது என்றார்.

வெளிச்சத்தில் சத்தம்! நான் அந்த வயரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் கண்டு கடைக்காரர் ஒரு அட்டையில் ஏதோ எழுதித் தந்தார். “காதுல கொரகொரன்னு வந்தா மட்டும் டிவி மெனுவுல இதத் தேடுங்க” என்றார். அட்டையில் மூன்றே எழுத்து: பி.சி.எம்.

ஞாயிறு காலை பத்தரைக்கு அக்கா வீட்டில் நின்றேன். எதிரே பந்தலில் யார் யாரோ துட்டி கேட்க வந்துகொண்டிருந்தார்கள். அக்கா குளித்து, பொட்டு வைத்து, மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்போலத் தயாராக இருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஊமையாக.

நான் டிவியைத் தொடப் போனேன். “மொதல்ல ஜன்னக்கம்பியத் தொட்டுட்டு வா” என்றாள் அக்கா. கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் நுழையும்முன் செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், உடம்பில் இருக்கிற கரண்டு இறங்குவதற்காக. அந்தப் பழக்கம் அவளுக்கு வீட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டுவிட்டு வந்தேன்.

வயரின் ஒரு முனையை டிவியில் செருகினேன். கொஞ்ச தூரம் போய் நின்றது. புது ஓட்டை, இறுக்கமாக இருக்கும் என்று அழுத்தினேன். மறுமுனையைப் பெட்டியில் செருகினேன். அதுவும் பாதிதான் போனது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. டிவி ஸ்பீக்கரை அணைத்து, சத்தத்தை வெளிச்ச ஓட்டைக்குத் திருப்பினேன். ஹெட்போனை அக்கா தலையில் மாட்டினேன்.

“என்ன கேக்குது?”

“ஒண்ணும் கேக்கல. நீ பேசுறதும் கேக்கல.”

கழற்றினேன், மாட்டினேன். பெட்டியைத் தட்டினேன். கரண்டு வயரை வேறு ஓட்டைக்கு மாற்றினேன். பதினொன்று அடித்தது. திரையில் இரண்டு அணியும் வரிசையாக ஓடிவந்தன. கடைசியில் ஒல்லியாக, இடுப்பில் கைவைத்தபடி வந்தாள் அக்கா மகள். அக்கா ஹெட்போனோடு எழுந்து நின்றுவிட்டாள். அவள் காதில் ஒன்றுமே இல்லை.

முதல் பாதி முழுக்க நான் டிவிக்குப் பின்னால்தான் இருந்தேன். வியர்வை கண்ணில் இறங்குகிறது. முன்னால் அக்கா கிசுகிசுவென்று எனக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள்: “நம்ம ஆளு அஞ்சு, அவுக ஏழு. இவள வெளிய அனுப்பிட்டான்… ஏன் அனுப்புனான்? ஏன்லே? என்னமோ சொல்லுதான். என்ன சொல்லுதான்னு தெரியலையே!” அவள் குரல் உடையப் பார்த்தது. இவ்வளவு பேசிவிட்டு வந்து, பெட்டியையும் வாங்கிவந்து, கடைசியில் இந்த ஆட்டத்தையும் அவள் ஊமையாகவே பார்க்கப்போகிறாளா?

இடைவேளை வந்தது. அக்கா என் பக்கத்தில் வந்து குனிந்தாள். நான் பெட்டிப் பக்கத்து முனையை உருவினேன். டிவிக்குப் பின்னால் இருட்டு. அந்த இருட்டில் வயரின் நுனி சிவப்பாகக் கனன்றது.

அவ்வளவுதான். இருபது வருஷம் திரியோடு பழகிய கை யோசிக்குமா? “ஏலே, பத்திருச்சுலே!” என்று அடிக்குரலில் கத்திவிட்டு ஒரே பாய்ச்சலில் அந்த நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிவிட்டாள். இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். நான் சுவரில் போய் இடித்தேன்.

வெடிக்கவில்லை. அக்கா விரலைப் பார்த்தாள். விரல் இடுக்கில் இன்னும் சிவப்பு.

“சுடலையேலே?”

“தீ இல்லக்கா, அது வெளிச்சம். சத்தம்தான் அப்படி வருது.”

“சத்தமா? இதா?” விரலை எடுக்காமலே கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினேன், அவளும் சிரித்தாள், பந்தலுக்குக் கேட்கக்கூடாதே என்று தோள் குலுங்க. சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். விரலால் அந்த நுனியை உருட்டினாள். மறுபடி உருட்டினாள்.

“தம்பி, இதுக்கு நுனி எடுக்கவே இல்லையே நீ.”

“என்ன நுனி?”

“திரி நுனியில நாங்க தாளு சுத்தி அனுப்புவோம்லா? அதப் பிக்காம பத்தவச்சா திரி பத்துமா? அது மாதிரி இதுலயும் என்னமோ மாட்டியிருக்கு பாரு.”

நகத்தால் ஒரு கிள்ளு. கண்ணாடி மாதிரி ஒரு குட்டி பிளாஸ்டிக் மூடி கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது! நான் ஒரு மணி நேரமாக விழுந்து விழுந்து பார்த்த வயர். மூடி கண்ணாடி நிறத்தில் இருந்ததால் என் கண்ணுக்குப் படவே இல்லை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் திரி நுனிக்குத் தாள் ஒட்டுகிற விரல், தொட்டதும் கண்டுபிடித்துவிட்டது. டிவிப் பக்கத்து முனையை உருவினேன். அதிலும் ஒன்று! மூடியோடு சேர்த்து அழுத்தினால் எப்படி உள்ளே போகும்?

மாட்டினேன். ‘டக்’. இந்தப் பக்கம் மாட்டினேன். ‘டக்’. அந்தச் சத்தம் இருக்கிறதே, அச்சகத்தில் கடைசிக் காலண்டருக்குத் தகரம் அடித்து முடிக்கும்போதுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

அக்கா ஹெட்போனை மாட்டினாள். மறு நொடி கழற்றி எறிந்தாள்.

“யாத்தே! காதுக்குள்ள சரவெடி போட்டுட்டான்!”

எடுத்துக் கேட்டேன். கொரகொர, படபட. எனக்குக் கோபம் வரவில்லை, குஷிதான் வந்தது. கொரகொரதானே! இதற்குத்தானே அட்டை! சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். டிவி மெனுவில் சத்தத்துக்கான பக்கத்தைத் திறந்து, கீழே, இன்னும் கீழே, கடைசியில் அந்த மூன்று எழுத்து. அழுத்தினேன். காதில் ஒரு கூட்டமே ஆரவாரம் செய்தது. அதற்கு மேலே ஒரு ஆண் குரல், என் பிடரிக்குப் பின்னால் நின்று பேசுவதுபோல அத்தனை துல்லியமாக: “இரண்டாம் பாதி ஆரம்பம்…”

நான் ஒரு வாக்கியம்கூடக் கேட்கவில்லை. ஹெட்போனை அக்கா தலையில் வைத்து அழுத்தினேன்.

அவள் முகத்தை நான் பார்த்ததே போதும், எனக்கு மேட்ச் வேண்டாம். முதலில் கண் அகன்றது. பிறகு வாய் திறந்தது. இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“பேசுதான்லே” என்றாள். “தமிழ்ல பேசுதான்.”

அதன் பிறகு எனக்கு வர்ணனை அக்கா வழியாகத்தான். முதலில் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். ஆனால் ஹெட்போன் மாட்டியவருக்குத் தன் குரல் தனக்கே கேட்காது என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் சத்தம் ஏறியது. “களத்துல நம்ம ஆளு மூணே பேரு இருக்கையில புடிச்சா ஒரு பாயிண்ட் கூடவாம்லே! வெள்ளிக்கிழம அதான் ரெண்டு குடுத்திருக்கான்! எனக்கு யாரு சொன்னா?” நான் “மெதுவா, மெதுவா” என்று கையைக் கீழே இறக்கிக் காட்டினேன். அவள் கண் என் பக்கம் வந்தால்தானே.

கடைசி மூன்று நிமிஷம். எங்கள் அணி இரண்டு பாயிண்ட் பின்னால். கோட்டுக்குள் எங்கள் பெண்கள் மூன்றே பேர், அதில் ஒருத்தி அக்கா மகள். எதிரணியின் பெரிய ஆள் பாடி வருகிறாள். நெட்டைப் பெண், அந்தப் போட்டியில் அதுவரை யாரும் அவளைப் பிடித்ததில்லையாம். இதுவும் அக்கா கேட்டுச் சொன்னதுதான். அக்கா திடீரென்று நிமிர்ந்தாள்.

“ஆமத்தூருங்கான்! தம்பி, ஆமத்தூர்ப் பொண்ணுன்னு சொல்லுதான்! எம் மக பேரச் சொல்லுதான்லே!”

கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, துடைக்கவில்லை. திரையில் அந்த நெட்டைப் பெண் இடது ஓரத்துக்குக் காலை நீட்டினாள், தொட்டாள், திரும்பினாள். அக்கா மண்டியிட்டு எழுந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

“புடிலே! கால விட்டுராதலே! புடி, புடி, புடிலே!”

கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. அக்கா மகள் பிடித்துவிட்டாள். கணுக்காலில் இரண்டு கையும் பூட்டுப் போட்டதுபோல. நெட்டைப் பெண் கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கவிழ்ந்தாள். இரண்டு பாயிண்ட், ஆட்டம் சமம்! அக்கா தரையை இரண்டு கையாலும் அறைந்தாள்.

வெளியே பந்தலில் பேச்சு அடங்கியது. நாற்காலி இழுபடுகிற சத்தம். பிறகு தெருவைக் கடந்து வருகிற காலடி. எதிர்வீட்டு மதினி வந்து படிக்குக் கீழே நின்றார். இங்கே யாருக்கு என்ன ஆச்சு என்று பந்தலில் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், எங்களைப் பார்த்துக் கேட்டதைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

அக்கா தோளைத் தட்டி வாசலைக் காட்டினேன். அவள் திரும்பினாள். முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே வடிந்தது. ஹெட்போனைக் கழற்றத் தோன்றாமல், அதே பெருங்குரலில் கத்தினாள்:

“மதினி, டிவிச் சத்தம் இல்ல மதினி! எஞ் சத்தம்தான்! நான் கத்திட்டேன், மனசுல வச்சுக்கிடாதீக!”

மதினியின் பார்வை அக்காவைத் தாண்டித் திரையில் இருந்தது. அந்தப் பிடியை மெதுவாக ஓடவிட்டு மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். ஈர்க்குச்சி உடம்பு ஒன்று காற்றில் கிடைமட்டமாகப் பாய்கிறது. இரண்டு கை ஒரு கணுக்காலில் விழுகிறது. இழுக்கிறார்கள், உதறுகிறார்கள், அந்தக் கை விடவில்லை. மதினியின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

“இன்னும் ஒரு நிமிசந்தான் இருக்கு. உள்ள வாங்க மதினி” என்றாள் அக்கா, இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக.

துட்டி வீட்டு மதினி பந்தலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறி உள்ளே வந்தார். அக்கா தலையிலிருந்து ஹெட்போனை இரண்டு கையாலும் தூக்கி, முக்காட்டுக்கு மேலேயே தன் தலையில் மாட்டிக்கொண்டார். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், காதில் விழுந்த ஒவ்வொரு வார்த்தையையும் அக்காவுக்குக் கேட்கட்டும் என்று தெரு முழுக்கக் கேட்கிற குரலில் திருப்பிச் சொல்லத் தொடங்கினார்.